வெள்ளைப் பந்தின் போக்கும் அதை ஆளும் பயிற்சியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல், இன்றைய இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த மூணாற்றில், தேயிலைத் தோட்ட அதிகாரிகளுக்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஹைரேஞ்ச் கிளப் இன்றும் இருந்து வருகிறது. அக்காலத்து மலைத்தோட்டக் கிளப்புகளில் பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருப்பது வழக்கம். கனத்த கற்பலகைகளைத் துணிக்கு அடியில் தாங்கிய இம்மேசைகளை மலைப்பாதை வழியே மேலேற்றுவதே பெரும் பணி. மேசைக்கு அருகில் ‘மார்க்கர்’ எனப்படும் ஊழியர் ஒருவர் நிற்பார். புள்ளிகளைக் கணக்கிடுவதும், துணியைத் தூரிகையால் துடைப்பதும், தனியே வந்த உறுப்பினருக்குத் துணையாக ஆடுவதும் அவருடைய வேலைகள். கிளப்பில் உறுப்பினராகும் தகுதி அவருக்கு இல்லை. எனினும், அந்த மேசையில் பந்து எவ்வாறு செல்லும் என்பதைப் பல இடங்களில் உறுப்பினர்களைவிட நன்கு அறிந்தவர் அவரே.

இதைக் கைராசி என்று கூறுவோர் உண்டு. நுட்பமான விளையாட்டுத் திறமை பிறப்பிலேயே வருவது, அல்லது வசதியுள்ளோர்க்கே வாய்ப்பது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இவ்வெண்ணம் சரியா என்று ஆராய்வதற்கு பில்லியர்ட்ஸ் மேசையைப்போல் ஏற்ற இடம் வேறு கிடைப்பது அரிது. ஏனெனில், அங்கே நிகழும் ஒவ்வொன்றும் அளக்கக்கூடியது. பந்துகள் ஒரே அளவின, தளம் சமமானது, எதிராளி பந்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. அடித்த பந்து தவறிய இடத்தில் நின்றால், தவறு எங்கே என்பதைப் பௌதிக விதிகளைக் கொண்டே கூறிவிடலாம்.

ஆட்டமும் அதன் வரலாறும்

மேசையில் ஆடப்படும் இவ்வாட்டம் பல வகைப்படும். பில்லியர்ட்ஸில் மூன்று பந்துகள். ஸ்னூக்கரில் 15 சிவப்புப் பந்துகளும் ஆறு நிறப் பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்தும். பூல் ஆட்டத்தில் பெரும்பாலும் எண்ணிட்ட 15 பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்தும். ஸ்னூக்கரிலும் பூலிலும் முதன்மையான விதி ஒன்றே: ஆடுபவர் தம் கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே தொடலாம். மற்றப் பந்தை அது மோதிப் பைக்குள் தள்ள வேண்டும். அடுத்த அடியை, வெள்ளைப் பந்து சென்று நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும்.

ஆகவே, ஒரு பந்தைப் பையில் வீழ்த்துவது பாதி வேலையே. அடுத்த பந்துக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது மறுபாதி. நல்ல உழவன் சாலின் முடிவில் ஏர் திரும்ப வேண்டிய இடத்தை முன்னரே எண்ணி உழுவான். இதுவும் அதைப் போன்றதே.

ஸ்னூக்கர் ஆட்டம் இந்திய மண்ணிலேயே தோன்றியது. 1875ஆம் ஆண்டில் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி இதைத் தொடங்கி வைத்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. 1882ஆம் ஆண்டில் உதகமண்டலம் கிளப்பில் இதன் விதிகள் வகுக்கப்பட்டன. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் வழியாக ஒரே பகலில் சென்றடையக்கூடிய ஊர் அது.

நம் நாட்டவரின் சாதனையும் குறிப்பிடத்தக்கது. பூனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்றார். தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1964இல் நியூசிலாந்தில் அப்பட்டத்தை மீண்டும் வென்றார். கர்நாடக அரசுப் பணியில் இருந்த ஆர். உமாதேவி, வயது வந்த பின்னரே கோலைக் கையில் எடுத்தவர். 2012இல் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் பட்டத்தைப் பெற்றார்.

தந்தத்திலிருந்து பிசினுக்கு

பந்தின் போக்கை விதிகளால் ஆளவேண்டுமாயின், பந்துகள் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை யானைத் தந்தத்தினால் கடைந்தெடுக்கப்பட்டன. தந்தம் இயற்கைப் பொருள். அதன் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இராது. ஈரத்தை ஏற்று உப்பும், வறட்சியில் சுருங்கும். ஒரு தந்தத்திலிருந்து சில பந்துகளே கிடைக்கும். தேவை பெருகவே, தந்தத்துக்கு மாற்றுப் பொருள் கண்டுபிடிப்போர்க்கு 10,000 டாலர் பரிசளிப்பதாக நியூயார்க் நகரத்துப் பில்லியர்ட்ஸ் உற்பத்தியாளர்கள் 1860களில் அறிவித்தனர். ஜான் வெஸ்லி ஹயாட் என்பவரை செல்லுலாய்டு ஆராய்ச்சியில் ஈடுபடத் தூண்டியது இவ்வறிவிப்பே. 1907இல் லியோ பேக்லண்டு பேக்லைட்டைக் கண்டுபிடித்தார். அவ்வகையைச் சேர்ந்த ஃபீனாலிக் பிசினே இன்றைய சிறந்த பந்துகளின் பொருள்.

பாலக்காட்டு மாவட்டத்தின் பறம்பிக்குளம் காட்டிலும், இடுக்கி மாவட்டத்தின் பெரியாறு காட்டிலும் இன்று யானைகள் சட்டப் பாதுகாப்புடன் உலவுகின்றன. யானையைக் கொல்லாமல் ஆடக்கூடிய பந்து, தந்தப் பந்தைவிடத் துல்லியமான பந்தாகவும் அமைந்தது. இன்றைய பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அங்குலம்.

கோலின் நுனியும் மாறியது. அதில் தோல் வில்லையை ஒட்டும் முறையை 1807ஆம் ஆண்டளவில் புகுத்தியவர் மேங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் என்பர். தோல் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால், பந்தின் நடுவை விட்டு விலகி அடித்தாலும் கோல் வழுக்குவதில்லை. பந்துக்கு வேண்டிய சுழற்சியைக் கொடுக்க இதனால் வழி பிறந்தது. இச்சுழற்சியின் கணிதத்தை 1835இல் தனி நூலாக எழுதியவர் கொரியோலிஸ். பூமியின் சுழற்சியால் காற்று விலகுவதை விளக்கும் பாடத்தில் ஆசிரியர்கள் கூறும் கொரியோலிஸ் இவரே.

வெள்ளைப் பந்தை ஆளும் மூன்று அளவுகள்

வெள்ளைப் பந்து எங்கே சென்று நிற்கும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. அவை, கோல் பந்தைத் தொடும் உயரம், பந்துக்குக் கொடுக்கும் வேகம், இலக்குப் பந்தை அது எவ்வளவு முழுமையாக மோதுகிறது என்பது.

முதலாவதாக உயரத்தை எடுத்துக்கொள்வோம். பந்தின் நடுவில் அடித்தால் அது முதலில் உருளுவதில்லை. துணியின்மீது வழுக்கிச் செல்கிறது. துணியின் உராய்வு அதை மெல்ல உருளச் செய்கிறது. நடுவுக்குக் கீழே அடித்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றவாறு முன்னே வழுக்கும். உராய்வு அப்பின்சுழற்சியைத் தேய்த்து, பின்பு முன்னுருளலாக மாற்றிவிடும். துணியிலிருந்து விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு உயரத்தில், அதாவது பூல் பந்தில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரத்தில் அடித்தால், வழுக்கல் இன்றித் தொடக்கத்திலிருந்தே பந்து உருளும்.

இரண்டாவது வேகம். உருளும் பந்து செல்லும் தூரம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை இருமடங்காக்கினால் தூரம் நான்கு மடங்காகும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு தவறினால், தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தவறும். வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் செல்ல வேண்டிய அடியில் இத்தவறு 20 சென்டிமீட்டர். நான்கு மீட்டர் செல்ல வேண்டிய அடியில் 80 சென்டிமீட்டர். தேர்ந்த ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தைக் குறைந்த தூரமே அனுப்ப விரும்புவதன் காரணம் இதுவே.

மூன்றாவது மோதலின் முழுமை. சம எடையுள்ள இரு பந்துகளில் ஒன்று நின்றிருக்க, மற்றொன்று சுழற்சியின்றி வந்து நேருக்கு நேர் மோதினால், வந்த பந்து நின்றுவிடும். நின்ற பந்து ஏறக்குறைய அதே வேகத்துடன் புறப்படும். ஓரமாக மோதினால், மோதலுக்குப் பின் இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணமாகப் பிரியும்.

ஆனால், உருண்டுவரும் பந்தின் நிலை வேறு. நேர் மோதலில் அதன் முன்னோட்டம் மற்றப் பந்துக்குப் போய்விட்டாலும், அதன் சுழற்சி அதனிடமே தங்குகிறது. அச்சுழற்சி துணியைப் பற்றிப் பந்தை மீண்டும் முன்னே செலுத்துகிறது. முன்னிருந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கை வெள்ளைப் பந்து திரும்பப் பெறுகிறது. இலக்குப் பந்து ஏழில் ஐந்து பங்கு வேகத்தில் உருளத் தொடங்குகிறது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், வெள்ளைப் பந்து தொடரும் தூரம் இலக்குப் பந்து உருளும் தூரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும்.

உருளும் பந்து ஓரமாக மோதும்போது முதலில் செங்கோணத் திசையில் விலகி, பின் வளைந்து முன்னே செல்லும். இலக்குப் பந்தின் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை மறையுமாறு மோதினால், வெள்ளைப் பந்து தன் பழைய திசையிலிருந்து ஏறக்குறைய 30 பாகை விலகுகிறது. சரிபாதி மறைந்தால் விலகல் சுமார் 34 பாகை. மோதும் அளவு இவ்வளவு மாறியும் விலகும் கோணம் அதிகம் மாறாதிருப்பது ஆட்டக்காரர்க்குப் பேருதவி. சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்கு விரித்தால் ஏறக்குறைய இக்கோணம் அமையும்.

மேசையை முதலில் அறிதல்

ஒரே மேசை எல்லா நாட்களிலும் ஒன்றுபோல் இராது. மேசைத் துணி பெரும்பாலும் கம்பளியாலானது. காற்றின் ஈரத்தை அது உட்கொள்ளும். ஆடி மாதத் தென்மேற்குப் பருவமழையில் மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் பல நாட்கள் மூடுபனி விலகுவதில்லை. அக்காலத்தில் துணி கனத்து, பந்தின் ஓட்டம் தளரும். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வீசும் கோடைத் தொடக்கத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளில் அத்தகைய மேசையை இட்டால் பந்து விரைந்தோடும். பெரிய போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் மிதமான வெப்பம் ஊட்டுவது, துணியை உலர்வாக வைத்திருப்பதற்கே. ஆகையால், ஒவ்வொரு நாளும் பயிற்சி மேசையின் வேகத்தை அறிவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

படிப்படியான பயிற்சிகள்

முதற் பயிற்சி: வேகம். வெள்ளைப் பந்தை மட்டும் மேசையின் ஒரு முனையில் வைக்க வேண்டும். எதிர்முனை விளிம்பைத் தொடாமல், அதன் அருகே நிற்குமாறு முதலில் அடிக்கலாம். அடுத்து, எதிர்விளிம்பில் பட்டுத் திரும்பித் தொடங்கிய விளிம்பின் அருகே நிற்குமாறு அடிக்க வேண்டும். பின்னர் மூன்று நீளம். நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தைச் சாண் கணக்கிலோ அளவுகோலாலோ ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். கையின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்குப் பதில், கோலைப் பின்னிழுக்கும் தூரத்தைக் கூட்டிக் குறைத்தல் எளிது.

இரண்டாம் பயிற்சி: நிறுத்துதல். இதை ஆட்டக்காரர் ‘ஸ்டாப்’ என்பர். பைக்கு நேராக ஓரடி தூரத்தில் இலக்குப் பந்தை வைத்து, அதே நேர்கோட்டில் மேலும் ஓரடி பின்னே வெள்ளைப் பந்தை வைக்க வேண்டும். மோதிய இடத்திலேயே வெள்ளைப் பந்து நிற்க வேண்டும். இது கைகூடியதும் இடைவெளியை இரண்டடி, மூன்றடி, நான்கடி என்று கூட்டலாம். தூரம் கூடக்கூட, மோதுவதற்கு முன்பே பந்து உருளத் தொடங்கிவிடும். அதை ஈடு செய்யச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். அல்லது சற்று விரைவாக அடிக்க வேண்டும்.

இப்பயிற்சியின் சிறப்பு, தவறு தன் காரணத்தைத் தானே கூறிவிடுவது. வெள்ளைப் பந்து முன்னே நகர்ந்தால், அது உருண்டுகொண்டே மோதியிருக்கிறது. பின்னே நகர்ந்தால், தேவைக்கு மேல் கீழே அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் மோதல் நேராக அமையவில்லை, குறி தவறியிருக்கிறது. இலக்குப் பந்து பையில் வீழ்ந்துவிட்டாலும் இக்குறிகளைக் கவனியாது விடலாகாது.

மூன்றாம் பயிற்சி: தொடர்தல். இதற்கு ‘ஃபாலோ’ என்று பெயர். மேற்கூறிய நேர்கோட்டிலேயே, ஆனால் இலக்குப் பந்தை மேசையின் நடுவில் வைத்து, வெள்ளைப் பந்தை நடுவுக்கு மேலே மென்மையாக அடிக்க வேண்டும். இலக்குப் பந்து பையை எட்டாமல் விளிம்பின் முன் நிற்குமாறு அடித்தால் இரு தூரங்களையும் அளக்கலாம். ஆறுக்கு ஒன்று என்ற விகிதம் ஏறக்குறைய வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மிகக் குறைவாக வந்தால், பந்து இன்னும் முழுமையாக உருளாமலே மோதுகிறது என்பது தெளிவு.

நான்காம் பயிற்சி: பின்வாங்குதல். இது ‘ஸ்க்ரூ’ அல்லது ‘டிரா’ எனப்படும். வெள்ளைப் பந்தை நடுவுக்குக் கீழே அடித்தால், மோதிய பின் பின்சுழற்சி அதைத் திரும்பிவரச் செய்யும். நடுவிலிருந்து அரை ஆரத்துக்கு அப்பால், அதாவது சுமார் 14 மில்லிமீட்டருக்கு அப்பால் அடித்தால், சுண்ணம் தேய்த்த கோலும் வழுக்கிவிடும். கற்போர் இந்த எல்லையை நெருங்க வேண்டியதில்லை. ஓரடி இடைவெளியில் தொடங்கி, வெள்ளைப் பந்தை ஓரடி மட்டும் திரும்பச் செய்தால் போதும். பந்தைப் பின்னே கொணரும் ஆவலில் கோலை உடனே இழுத்துக்கொள்வது பொதுவான பிழை. சுழற்சியைத் தருவது கோல் தொடும் இடமே; கோல் பந்தின் இடத்தைக் கடந்து முன்னே செல்ல வேண்டும்.

ஐந்தாம் பயிற்சி: இரு கோணங்கள். இலக்குப் பந்தின் பாதி மறையுமாறு குறிவைத்து, ஒரே இடத்திலிருந்து இரண்டு விதமாக அடிக்க வேண்டும். முதலில் வெள்ளைப் பந்து வழுக்கியபடியே மோதுமாறு. அப்போது அது இலக்குப் பந்தின் பாதைக்குச் செங்கோணமாகச் செல்லும். அடுத்து உருண்டு மோதுமாறு. அப்போது முன்னே வளைந்து செல்லும். இவ்விரு பாதைகளும் விளிம்பைத் தொடும் இடங்களில் சிறு காகிதத் துண்டுகளை வைத்து, அவற்றை மாறிமாறி எய்த முயல வேண்டும். உயரத்தையும் வேகத்தையும் சிறிது மாற்றினால் இரு பாதைகளுக்கும் இடையிலுள்ள எந்த இடத்தையும் அடையலாம்.

ஆறாம் பயிற்சி: மூன்று பந்துகள். மூன்று பந்துகளை மேசையில் விரும்பியபடி பரப்பி, வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்தில் வைத்துத் தொடங்கலாம். ஆனால், ஒவ்வோர் அடிக்கும் முன்பு, எந்தப் பந்து எந்தப் பையில் விழும், வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பதை வாய்விட்டுக் கூற வேண்டும். கூறிய இடத்தில் ஒரு முழுத்தாள் அளவுள்ள காகிதத்தை வைப்பது நன்று. பந்து பையில் விழுந்தும் வெள்ளைப் பந்து தாளின்மேல் நிற்கவில்லையாயின், அவ்வடி தவறியதாகவே கணக்கிடப்பட வேண்டும்.

வெள்ளைப் பந்தை இடப்புறமோ வலப்புறமோ அடித்துத் தரும் பக்கச் சுழற்சி இப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அது விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணத்தை மாற்றுவதோடு, குறியையும் சிறிது விலக்கிவிடும். முதல் ஐந்து பயிற்சிகளும் கைவந்த பின்னரே அதைத் தொடுவது நலம்.

பதிவேடும் அதன் பயனும்

பயிற்சி என்பது அடித்துக்கொண்டே இருத்தல் அன்று. நாள், பயிற்சியின் பெயர், தூரம், முயற்சி, வெற்றி, தவறின் வகை என்ற ஆறு பத்திகளைக் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் பத்து முயற்சிகள் போதும். ஆயினும், ஒரு நாள் பத்தில் ஐந்தும் மறுநாள் ஆறும் வந்தால் முன்னேற்றம் என்று மகிழ்வதும், நான்கு வந்தால் சோர்வதும் பொருந்தா. அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடும். வாரக் கணக்கில் கூட்டிப் பார்த்தாலே உண்மை விளங்கும். பத்தில் ஏழு என்ற அளவு தொடர்ந்து மூன்று நாட்கள் வந்தால் தூரத்தைக் கூட்டலாம். நான்குக்குக் கீழே இறங்கினால் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு செய்தி ஆசிரியர்கள் சிறப்பாகக் கருதத்தக்கது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அன்றைய மதிப்பெண் உயரும். வெவ்வேறு அடிகளைக் கலந்து பழகினால் அன்றைய மதிப்பெண் தாழும். ஆனால், சில நாட்கள் கழித்துச் சோதிக்கும்போது கலந்து பழகியோரே மேம்பட்டு நிற்பதை 1979இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்ற இரு ஆராய்ச்சியாளர் கைத்திறன் சோதனை ஒன்றில் கண்டனர். ஆகவே, ஓர் அடியின் உருவம் கையில் படிந்ததும், பயிற்சிகளைக் கலந்து செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் பழகுவதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் பழகுவது பயன் தரும்.

மேசை இல்லாத பள்ளியில்

பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டப் பகுதிகளிலோ, கொழிஞ்சாம்பாறைக் கிராமங்களிலோ உள்ள பள்ளிக்கூடத்தில் பில்லியர்ட்ஸ் மேசையை எதிர்பார்க்க இயலாது. அதனால் இப்பாடம் தடைப்பட வேண்டியதில்லை. கேரம் பலகையும் கோலிக்குண்டுகளும் போதும்.

கேரம் பலகையில் மாவைத் தூவி, ஒரு காயை நடுவில் வைத்து, மற்றொரு காயை விரலால் சுண்டி அதை ஓரமாக மோதச் செய்க. இரு காய்களும் செங்கோணத்துக்குச் சற்றுக் குறைந்த கோணத்தில் பிரிவதை மாணவர் காண்பர். காய்க்குப் பதில் ஸ்ட்ரைக்கரால் அடித்தால் கோணம் மேலும் குறையும். ஏனெனில் காயின் எடை ஐந்து கிராமுக்குச் சற்று அதிகம். ஸ்ட்ரைக்கரின் எடையோ 15 கிராம் வரை இருக்கலாம். சம எடை என்ற நிபந்தனை இங்கே இல்லை. எடையின் பங்கை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இனி, சமமான இரு கோலிக்குண்டுகளை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒன்றை மற்றொன்றின்மேல் நேராக உருட்டுக. உருண்டுவந்த குண்டு மோதியதும் ஒரு கணம் தயங்கி, பின் சிறிது தூரம் தொடர்ந்து உருளும். கேரம் காய் இவ்வாறு தொடர்வதில்லை. அது வழுக்குவதேயன்றி உருள்வதில்லை. வழுக்கலுக்கும் உருளலுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது ‘ஸ்டாப்’ அடிக்கும் ‘ஃபாலோ’ அடிக்கும் உள்ள வேறுபாட்டை, செலவின்றி இவ்வாறு வகுப்பறையில் காட்டலாம்.

எளிய பலகையில் பழகும் திறமை எளிமையானது என்று எண்ணலாகாது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகக் கேரம் பட்டத்தை வென்று அர்ஜுனா விருது பெற்றார். அதே நகரத்தைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார்.

முடிவுரை

மலைக்கிளப்பின் மார்க்கரிடம் இருந்தது கைராசி அன்று என்பது இப்போது விளங்கும். நாள்தோறும் ஒரே மேசையருகில் நின்று, அடித்த இடத்தையும் பந்து நின்ற இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவர் அதை வீணாக்கவில்லை. அவர் பல ஆண்டுகளில் கண்ணால் கற்றதை, உயரம், வேகம், மோதலின் முழுமை என்ற மூன்று அளவுகளாகப் பிரித்துச் சில மாதங்களில் கற்பிக்க விஞ்ஞானம் வழி காட்டுகிறது.

ஒரு வேலையை அதன் கூறுகளாகப் பிரித்தல், ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுதல், விளைவை அளந்து எழுதுதல், கைவந்தவற்றைக் கலந்து பழகுதல் ஆகிய இந்நான்கும் பந்தாட்டத்துக்கு மட்டும் உரியன அல்ல. விதையைச் சீராகத் தெளிப்பதிலும், தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதிலும், மாணவன் கையெழுத்தைத் திருத்துவதிலும் இவை பயன்படும். தவறியவனை ‘உனக்குக் கை வராது’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன், அவன் தவறியது உயரத்திலா, வேகத்திலா, குறியிலா என்று கேட்டறிவது ஆசிரியரின் கடமையாகும்.